ஏரி நிரம்பிய பிறகு: சென்னைக்குப் புதிதாகக் குடிவருவோருக்கான தண்ணீர் வழிகாட்டி

2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போயின. நான்கும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். அன்று அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிவந்த குடிநீர் வாரியம் அதை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அக்டோபரில் அந்த ரயில் நின்றது. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது செம்பரம்பாக்கத்தின் மதகுகளைத் திறந்துவிட வேண்டியிருந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் காய்ந்த தரையிலிருந்து உபரிநீர் திறப்பு வரை!

அதன் பிறகு இந்த நகரத்துக்கு வந்தவர்கள் பார்த்ததெல்லாம் மழை, வெள்ளம், நிரம்பிய ஏரி. "இங்கே தண்ணீருக்கு என்ன குறை?" என்று அவர்கள் கேட்பது இயல்புதான். ஆனால் தண்ணீர் தாராளமாக இருக்கும் ஆண்டில்தான் வீட்டைச் சரிசெய்ய முடியும் என்பதே நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது. வறட்சி வந்த பிறகு பிளம்பர் கிடைக்க மாட்டார், தண்ணீர் லாரி கிடைக்காது, மழைநீர்க் குழி வெட்டினாலும் அதில் இறங்க மழை இருக்காது. மே மாத வெயிலில் குடத்தோடு நிற்கும்போது நாம் செய்வதெல்லாம் சமாளிப்பு மட்டுமே. கீழே உள்ள வேலைகளை ஏரி நிரம்பியிருக்கும்போதே செய்யுங்கள்.

முதலில், உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

குடிவந்த முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். வீட்டு உரிமையாளரைவிட வாட்ச்மேனுக்கு நன்றாகத் தெரியும். மோட்டார் போடுகிறவர் அவர்தான். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய் இணைப்பு, இருக்கிறதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்ப் எத்தனை லிட்டர் கொள்ளும்? போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி, அதன் மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது? பழைய கிணறு இருக்கிறதா, அல்லது மூடிவிட்டு அதன் மேல் கார் நிறுத்துகிறார்களா? கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே அந்தக் கட்டடத்தின் உண்மையான நிலையைச் சொல்லிவிடும்.

மெட்ரோ வாட்டர் பல ஊர்களின் தண்ணீர். ஏரி நீரோடு கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழி வருவது, ஆந்திரத்துக் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழி பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் என எல்லாம் கலந்துதான் வருகிறது. இந்த மூலங்கள் 2019க்குப் பிறகு கூடியிருக்கின்றன. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2020இல் கண்ணன்கோட்டை தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் ஐந்தாவதாகச் சேர்ந்தது. இவையெல்லாம் குழாய் இணைப்பு உள்ளவர்களுக்குத்தான் பயன். புறநகரில் போரையும் லாரியையும் நம்பியிருக்கும் அடுக்ககத்துக்கு ஏரி நிரம்பிய செய்தியால் நேரடி நன்மை அதிகமில்லை.

இதைப் புதியவர்கள் அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும். ஏரி நிரம்புவது வேறு, நிலம் நிரம்புவது வேறு. இரண்டு கனமழை போதும், ஏரியின் நீர்மட்டம் ஏறிவிடும். பல ஆண்டுகளாக உறிஞ்சப்பட்ட நிலத்தடி நீர் அப்படி ஏறாது. தார்ச்சாலையும் சிமென்ட் தரையுமாக மூடிக்கிடக்கும் தெருவில் மழைநீர் வடிகாலைத் தேடி ஓடுமே தவிர மண்ணுக்குள் போகாது. மணற்பாங்கான பகுதியில் மேல்மட்டக் கிணறு ஒரு பருவத்தில் தேறிவிடலாம். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் போன்ற பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக்குள் வரும் நீர் பாறை வெடிப்புகள் வழியே மெல்லத்தான் வந்து சேரும்.

கிணறு இருந்தால் ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, மாதத்தின் முதல் தேதியில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்த்துச் சுவரில் எழுதிவையுங்கள். ஓராண்டு எழுதினாலே உங்கள் மண் எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு இழக்கிறது என்பது தெரிந்துவிடும். கிணறு இல்லையென்றால், தொட்டி நிரம்பப் போர் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்து வாருங்கள். அந்த நேரம் நீளத் தொடங்கினால் கீழே நீர் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம்.

வறட்சி விட்டுச்சென்ற அழுக்கை அகற்றுங்கள்

தண்ணீர் மீண்டும் வரத் தொடங்கியதும் எல்லோரும் மகிழ்ச்சியில் விட்டுவிடும் வேலை இது. காலியாகக் கிடந்த குழாயில் துரு பிடித்திருக்கும். அழுத்தம் இல்லாத நாள்களில், விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே கசிந்திருக்கவும் கூடும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் தண்ணீரை நேராகச் சம்பில் விடாதீர்கள். ஒரு வாளியில் பிடித்து நிறத்தையும் வாடையையும் பாருங்கள். பழுப்பாக வந்தால் தெளியும்வரை தனியே பிடித்து வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். சாக்கடை வாடை வந்தால் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். உடனே வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் புகார் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டையும் புகார் செய்யச் சொல்லுங்கள். ஒரே தெருவிலிருந்து இரண்டு மூன்று புகார்கள் போனால் எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர்களுக்கு எளிது.

லாரித் தண்ணீர் நிரப்பிய சம்பின் அடியில் வண்டல் தங்கியிருக்கும். சம்பையும் மேல்தொட்டியையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டு, மீண்டும் அலசி, அதன் பிறகே நிரப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. சம்புக்குள் ஆள் இறங்குவதாக இருந்தால் மூடியை நெடுநேரம் திறந்துவைத்து, மின்மோட்டாரின் இணைப்பைத் துண்டித்து, மேலே ஒருவர் நின்றுகொண்டுதான் இறங்கவிட வேண்டும். மூடிய தொட்டிக்குள் மூச்சுத் திணறி உயிர் போன செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். இதில் அவசரமே கூடாது.

இன்னொன்று, தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவதற்கு அனுமதி கிடையாது. அடுத்த வீட்டின் பங்கை எடுப்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி உறிஞ்சும்போது குழாயைச் சுற்றியுள்ள அழுக்கு நீரும் உள்ளே இழுக்கப்படுகிறது.

எவ்வளவு செலவாகிறது என்று அளந்து பாருங்கள்

நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவுகோல். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். உங்கள் வீட்டுக்கென்று 1,000 லிட்டர்த் தொட்டி தனியாக இருந்தால் அது ஏறக்குறைய இரண்டு நாள் வர வேண்டும். தினமும் நிரப்ப வேண்டியிருக்கிறதா? ஒன்று எங்கோ ஒழுகுகிறது, அல்லது வீட்டின் பழக்கத்தில் எங்கோ வீணாகிறது. பழக்கத்தைப் பற்றிப் பேசி வீட்டில் மனக்கசப்பு உண்டாக்குவதற்கு முன்னால் ஒழுக்கைத் தேடுங்கள்.

கழிப்பறை ஃபிளஷ் தொட்டிதான் முதல் சந்தேகத்துக்குரிய இடம், ஏனென்றால் அங்கே ஒழுகுவது சத்தம் போடாது. தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிட்டுப் பாருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

சொட்டுகிற குழாயின் அடியில் இரவு படுக்கும் முன் ஒரு வாளியை வையுங்கள். காலையில் அந்த வாளியை வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு வேறு பாடம் தேவைப்படாது.

பிறகு மொட்டை மாடிக்குப் போய் மேல்தொட்டியின் மிதவை வால்வைப் பாருங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், மாடியிலிருந்து தெருவுக்கு அருவியாகக் கொட்டும் தண்ணீர் இந்த நகரத்தின் அன்றாடக் காட்சி. நீர்மட்டம் பார்த்துத் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவி வந்து வெகுகாலமாகிறது. பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் அதைப் பொருத்தாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அன்றாடப் பழக்கங்கள்

இதைப் பற்றி அறிவுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஷவரில் ஐந்து நிமிடம் குளித்தால் 50 லிட்டர் வரை போகும், ஒரு வாளிக் குளியல் 20 லிட்டரில் முடியும். பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூடிவிட்டு, ஒரு தொட்டியில் பிடித்த நீரில் முதல் அலசல் அலசுங்கள். சமையலறைக் குழாயின் முனைக்கு ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலந்து விடும் சிறு வலை முனை) என்று கடையில் கேட்டு வாங்கிப் பொருத்தினால் பாயும் நீர் பாதி வரை குறையலாம், கழுவுவதில் வித்தியாசம் அதிகம் தெரியாது. பழைய பெரிய ஃபிளஷ் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை, உள்ளிருக்கும் கருவியில் இடிக்காதபடி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். துணி துவைக்கும் இயந்திரத்தின் கடைசி அலசல் நீரைப் பிடித்துவைத்தால் கழிப்பறைக்கும் படிக்கட்டு கழுவவும் ஆகும். அரிசி களைந்த நீர் செடிக்கு. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட அரை வாளி போதும். ஹோஸ் குழாய் எதற்கு?

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் இவற்றைச் சொல்லும்போது மரியாதையாகச் சொல்லுங்கள். 2019இல் தம் வீட்டுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்த பிறகு உங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தவர்கள் அவர்கள். தண்ணீரின் அருமையை அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அலசுவதற்கு ஒரு தொட்டியும் வசதியான குழாயும் அமைத்துக் கொடுத்தாலே போதும்.

ஆர்ஓ இயந்திரம் வாங்கும் முன்

புதிதாக வருகிறவர்கள் முதல் வேலையாக, நீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ இயந்திரம் வாங்குகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். வீட்டு ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுவது வழக்கம். நாளுக்குப் பத்து லிட்டர் பிடிக்கும் வீட்டில் 20 முதல் 30 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது.

சிறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி நீரில் கரைந்துள்ள உப்பை அளந்து பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. குழாய்த் தண்ணீரில் அளவு 500க்குக் கீழே இருந்தால் காய்ச்சிக் குடிக்கலாம், அல்லது புற ஊதாக் கதிர் வடிகட்டி போதும். கடலோரத்துப் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டிக் கரிக்கிறதென்றால் ஆர்ஓ தவிர்க்க முடியாதது. அப்போது கழிவுக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பிக் கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். உப்பு மிகுந்த அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம், நாளடைவில் மண் கெட்டுவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டிடிஎஸ் மீட்டர் உப்பைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

மழைநீர்: இதில்தான் அதிகம் உழைக்க வேண்டும்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் உங்கள் கட்டடத்திலும் ஏதோ ஒரு குழி இருக்கும். அது வேலை செய்கிறதா என்பதே கேள்வி. அதிகாரிக்குக் காட்ட வெட்டி, ஜல்லி நிரப்பி, அன்றோடு மூடிய குழிகள் பல. சில கட்டடங்களில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் குழிக்குப் போகாமல் நேராகத் தெரு வடிகாலுக்குப் போகிறது.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருவது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு மனையில் 1,500 சதுர அடி மொட்டை மாடி இருப்பதாகக் கொள்ளுங்கள், ஏறக்குறைய 139 சதுர மீட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக நூற்றுக்கு எண்பது பிடித்தாலும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில் அது 13 லோடு. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் காட்டுங்கள். சேமிப்பு, கடமை என்றெல்லாம் பேசும்போது கொட்டாவி விடுகிறவர்கள் 13 லோடு என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வேலையை ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். முதலில் மாடியைப் பெருக்கிச் சுத்தம் செய்து, உடைந்த தொட்டி, பழைய மரச்சாமான்கள், சிமென்ட் மூட்டை என்று அங்கே குவிந்திருப்பதை அகற்றுங்கள். நீர் இறங்கும் வாய்களில் இலை அடைக்காமல் கம்பி வலை போடுங்கள். பிறகு மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது கீழே எங்கே போகிறது என்று ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள். குழியின் மூடியைத் திறந்து ஒரு டிரம் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றால் குழி அடைத்திருக்கிறது. ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து, கழுவி, அடியில் படிந்த சேற்றை வாரி, மீண்டும் அடுக்க வேண்டும். பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை இது.

மண்ணைப் பார்த்துத்தான் அமைப்பைத் தீர்மானிக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடங்களில் சாதாரணக் கசிவுக் குழியே போதும். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். அங்கே ஆழமில்லாத குழியில் நீர் தேங்கிக் கொசுதான் வளரும். களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரும்வரை உறை இறக்கிய கிணறோ, குழியின் நடுவில் துளையோ வேண்டும். ஏற்கெனவே கிணறு இருந்தால் அதுவே ஆகச் சிறந்த அமைப்பு. மாடி நீரை வடிகட்டித் தொட்டி வழியாக அதற்குள் விடுங்கள். கார் நிறுத்தும் தரையில் ஓடும் எண்ணெய் கலந்த நீரைக் கிணற்றுக்குள் விடக் கூடாது. அதற்குத் தனியே கசிவுக் குழி. செப்டிக் டேங்கிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் தள்ளியே எதையும் அமைக்க வேண்டும்.

சம்பில் இடம் இருந்தால் மாடி நீரை வடிகட்டி நேராக அதில் பிடிக்கலாம். 50 மில்லிமீட்டர் மழைக்கு மேற்சொன்ன மாடியில் ஐந்தாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். பருவத்தின் முதல் இரண்டு மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடியின் தூசு அதோடு போய்விடும். பிறகு வரும் நீரில் பருப்பு எவ்வளவு சீக்கிரம் வேகிறது என்று பாருங்கள். போர் தண்ணீரிலேயே சமைத்துப் பழகியவர்களுக்கு அது ஒரு சிறு ஆனந்தம்.

புதிதாக ஆழ்துளை போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் நிதானியுங்கள். சென்னைப் பெருநகரப் பகுதிக்கான 1987ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அதைவிட முக்கியமாக, கடலோரத்தில் மிகையாக உறிஞ்சினால் நல்ல நீர் போன இடத்துக்குக் கடல்நீர் வந்துவிடும். மீஞ்சூர் வட்டாரத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அப்படி நடந்தது. உப்பேறிய நிலத்தடியை மீட்பது மிகக் கடினம். கடற்கரைப் பக்கத்து வீட்டில் மோட்டாரை நெடுநேரம் தொடர்ந்து ஓட்டாமல், சிறிது நேரம் ஓட்டி இடைவெளி விடுவது நல்லது.

லாரியும் சங்கமும்

நல்ல மழை பெய்த ஆண்டிலும் சில கட்டடங்களுக்கு லாரி தேவைப்படும். தனியார் லாரிகளில் வருவது பெரும்பாலும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களின் கிணற்று நீர். 2019இல் அந்தக் கிராமத்து மக்கள் சாலையில் நின்று லாரிகளை மறித்தார்கள். தங்கள் கிணறு வற்றுவதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் மாடித் தொட்டியிலிருந்து வழிகிற ஒவ்வொரு வாளிக்கும் அங்கே ஒரு வயல் ஈடுகொடுக்கிறது என்பதை நான் மறக்க விரும்பவில்லை. லாரி வந்தால் சம்பில் விடும் முன் வாடையும் டிடிஎஸும் பார்த்து, லோடின் அளவையும் எழுதிவையுங்கள்.

அடுக்ககங்களில் பெரும் தடை, தண்ணீர்ச் செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிப்பதுதான். இருவர் உள்ள வீடும் அறுவர் உள்ள வீடும் ஒரே தொகை கொடுத்தால் யாருக்கும் மிச்சப்படுத்தத் தோன்றாது. வீட்டுக்கு ஒரு மீட்டர் என்பதே நியாயம். ஆனால் பழைய கட்டடங்களில் மேல்தொட்டியிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்குவதால், ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர்கள் தேவைப்படும். அந்தச் செலவுக்குச் சங்கம் தயங்கினால், மேல்தொட்டிக்கு ஏறும் பொதுக் குழாயில் ஒரே ஒரு மீட்டர் பொருத்தி, வாரந்தோறும் அளவை அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போன வாரத்திலும் அளவு குறையவில்லையென்றால் கட்டடத்தில் எங்கோ ஒழுகுகிறது என்று சந்தேகப்படலாம்.

வாடகைக்கு இருப்பவர்களைச் சில சங்கங்கள் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. நீங்களே ஜூன் அல்லது ஜூலையில் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதில் நான்கே கோரிக்கைகள்: மோட்டாருக்குத் தானியங்கி நிறுத்தக் கருவி, சம்பு சுத்தம், பொதுக் குழாயில் மீட்டர், செப்டம்பருக்குள் மழைநீர்க் குழியைத் தூர்வாருதல். கடைசி வேலைக்குப் பணம் கொடுக்கும் முன், மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.